தயிர் சாதத்தைப் பறிக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். தாளிக்காத தயிர் சாதம், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத இட்லி, ஒரே ஒரு கம்பெனியின் மேரி பிஸ்கட், அப்பளம் இவ்வளவுதான் சாப்பிடுவான். தினமும் ஒரு லிட்டர் பால் குடிக்கிறான், அதுவும் பாட்டிலில். எடை 17 கிலோ. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், கல் மாதிரி வருகிறது. நடுவில் டிரவுசரில் கறையாக்கிக்கொள்கிறான். மாமியார் மூக்கைப் பிடித்துக் காய்கறி சாதம் ஊட்டுகிறார், உடனே வாந்தி எடுக்கிறான். "ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா சாப்பிடுவான்" என்கிறார் கணவர். தெரிந்தவர் ஒருவர் பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசமே குறையும் என்று சொல்லி, புரோட்டீன் பவுடர் ஒன்றும் வாங்கச் சொல்கிறார். செல்போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். வைகாசியில் கெங்கையம்மன் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். "பிள்ளையை இப்படியா வளர்த்து வச்சிருக்கே" என்று கேட்பார்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில் (குழந்தைகள் ஊட்டச்சத்து ஆலோசகர், வேலூர்):

உங்கள் வீட்டில் எல்லாருடைய கவலையும் காய்கறி மேல் இருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ஒரு லிட்டர் பாலும் நாலு நாள் மலச்சிக்கலும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் கீரை, கேரட், முட்டை என்று எதைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாலும் வேலைக்கு ஆகாது. அதனால் ஒன்றரை மாதத்துக்குக் காய்கறியை மறந்துவிடுங்கள். மாமியாரையும் மறக்கச் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கலோரி, 16 கிராம் புரதம், 550 மில்லிகிராம் கால்சியம், 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். சமன்படுத்திய பாக்கெட் பால் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 600 கலோரியும், 30 கிராம் புரதமும், 1,200 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. ஆக, பாலிலேயே புரதமும் கால்சியமும் தேவையைப் போல இரண்டு மடங்கு வந்துவிடுகின்றன. அந்த புரோட்டீன் பவுடரை வாங்காதீர்கள். அந்தக் காசில் அவனுக்கு வேண்டிய ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம்.

பாலில் இல்லாததுதான் விஷயம். இரும்புச்சத்து கிட்டத்தட்ட கிடையாது. வைட்டமின் சி பெயருக்குத்தான். நார்ச்சத்து சுத்தமாக இல்லை. போதாததற்கு, அளவுக்கு மீறிய பால் மற்ற உணவில் வரும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. அறுநூறு கலோரி திரவமாக உள்ளே போன பிள்ளைக்கு மதியம் பசி எங்கிருந்து வரும்? தட்டைத் தள்ளிவிடுகிறான் என்றால் அதில் பாதி பிடிக்காததால், மீதி வயிறு நிறைந்திருப்பதால்.

எடை 17 கிலோ என்பது ஆறு வயதுப் பையனுக்குக் குறைவான பக்கம்தான். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. உயரத்தையும், கடந்த ஒரு வருடத்தில் எடை ஏறியிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கன்வாடியில் எடை போட்ட பழைய அட்டை இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

இப்போது வயிறு. டிரவுசரில் கறையாக்கிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக அவனை அடிக்கிறீர்களா, திட்டுகிறீர்களா என்று தெரியவில்லை. இரண்டும் வேண்டாம். பெருங்குடலின் கடைசியில் மலம் கட்டியாகித் தேங்கி நிற்கும்போது, மேலிருந்து வரும் தண்ணீர் போன்ற மலம் அதன் ஓரமாகக் கசிந்து வெளியே வருகிறது. அது அவனுக்குத் தெரிவதே இல்லை. கட்டியாகப் போனால் வலிக்கிறது, வலிக்கிறதே என்று அடக்கிக்கொள்கிறான், அடக்க அடக்க இன்னும் கட்டியாகிறது. இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைக்கு வயிறு எப்போதும் உப்பிக்கொண்டு கனமாக இருக்கும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன் அதைச் சாப்பாட்டை மறுத்துக் காட்டுவான், கத்திக் காட்டுவான், ராத்திரி தூங்காமல் காட்டுவான்.

இதற்குக் குழந்தை மருத்துவரிடம் போங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூளோ, லாக்டுலோஸ் சிரப்போ தருவார். முதலில் தேங்கியிருப்பதை வெளியேற்றவும், பிறகு தினமும் இளகிப் போகவும் அளவு சொல்வார். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நாலு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், "பழகிடும்" என்ற பயத்தில். இந்த மருந்துகளால் குடல் சோம்பேறியாகிவிடாது. மாதக்கணக்கில் நீட்டித்து விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வருவதற்கும் மாதக்கணக்கில்தான் ஆகும். மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றுவது, சோப்புத் துண்டு வைப்பது, வெற்றிலைக் காம்பு விடுவது எதுவும் வேண்டாம். ஏற்கனவே அந்த இடத்தில் வலிக்குப் பயந்திருக்கும் பிள்ளையிடம் போய் அங்கேயே கையை வைத்தால் கழிப்பறைப் பக்கமே வரமாட்டான்.

காலை இட்லிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையும் நேரம் அது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, ஒரு மணைப்பலகையோ ஸ்டூலோ போட்டு முட்டி மேலே வரும்படி வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கு ஒரு பாராட்டு. நம்ம ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தண்ணீர் அவனாகக் கேட்கமாட்டான். தாகத்தையும் பசியையும் உணர்ந்து சொல்வது ஆட்டிசமுள்ள பல பிள்ளைகளுக்குச் சிரமம். மணி பார்த்துக் கொடுங்கள், ஒரே டம்ளரில், ஒரே இடத்தில் வைத்து.

பாலை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பாலை மொத்தமாக விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்புறம் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒவ்வொரு பாட்டிலிலும் 30 மில்லி குறையுங்கள், நாலைந்து நாள் அப்படியே ஓடட்டும், அப்புறம் இன்னொரு 30. தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டாதீர்கள், ருசி மாறினால் கண்டுபிடித்துவிடுவான். கடைசியில் ஒரு நாளைக்கு 400 மில்லி அளவில் நின்றால் போதும், தயிர் வேறு சாப்பிடுகிறானே. குறைக்கும்போது முதலில் கைவைக்க வேண்டியது படுக்கையில் குடிக்கும் ராத்திரிப் பாட்டில். தூங்கும்போது வாயில் தங்கும் பால் பல்லை அரித்துவிடும், ஆறு வயதில் கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தால் மெல்லும்போது வலிக்கும். அதனால் ஒருமுறை பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். பாட்டிலிலிருந்து டம்ளருக்கு மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பால் அளவு குறைந்து ஒரு மாதமான பிறகு அதைத் தொடங்கலாம்.

ரத்தப் பரிசோதனை என்றேன். ஊசியென்றால் இவனைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரியும், எனவே ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. ஆனால் அது 12 இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புக் கையிருப்பு, தரைதட்டியிருக்கலாம். இரும்பு குறைந்த பிள்ளைக்குப் பசி மந்தமாகும், தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருக்கும், மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்னும். இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயிண்ட்டைச் சுரண்டித் தின்கிறான் என்றால் ரத்தத்தில் ஈயமும் பார்க்க வேண்டும். இரும்பு டானிக் கொடுத்தால் மலம் கறுப்பாகும், பயப்படாதீர்கள். பாலோடு மட்டும் கொடுக்காதீர்கள்.

வைட்டமின் சி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பல மருத்துவர்களின் கண்ணிலும் தப்பிவிடுகிறது. பழம், காய் எதுவும் தொடாத ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் நோய், வந்ததை மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கால் வலிக்கிறது என்று நொண்டுவார்கள், நடக்க மறுப்பார்கள், ஈறு வீங்கி ரத்தம் வரும். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று அலைந்து ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு, "என்ன சாப்பிடுகிறான்?" என்று யாரோ ஒருவர் கேட்கும்போதுதான் விடை கிடைத்திருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்து, பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் முட்டிக்கொள்ளும் குழந்தைகளும் அப்படியே. உங்கள் மகனின் நாலு உணவில் வைட்டமின் சி இல்லவே இல்லை. உணவு கைகொடுக்கும்வரை மருத்துவர் எழுதித் தரும் மல்டிவைட்டமின் டிராப்ஸ் தேவைப்படும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவு மீறினால் கெடுதல்.

இனி அவன் தட்டுக்கு வருவோம்.

1943-இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விரித்து எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் பலருக்குச் சாப்பாட்டில் சிக்கல் இருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். உங்கள் வளர்ப்பில் வந்த கோளாறு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். இந்தப் பிள்ளைகளின் நாக்குக்கும் மூக்குக்கும் விரலுக்கும் உலகம் நம்மைவிட உரக்கக் கேட்கிறது. தாளித்த தயிர் சாதத்தில் ஒரு வாயில் கடுகு தட்டுப்படும், அடுத்த வாயில் கறிவேப்பிலை, அதற்கடுத்து திடீரென்று ஒரு மிளகாய்த் துண்டு. நமக்கு அது ருசி, அவனுக்கு ஒவ்வொரு வாயும் ஓர் அதிர்ச்சி. கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு நாம் சொத்தை எழுதிவைப்போம். ஆனால் அது ஒரு நாள் குழைந்திருக்கும், ஒரு நாள் விதை பல்லில் மாட்டும், ஒரு நாள் கசக்கும். மேரி பிஸ்கட் எந்த நாளும் மேரி பிஸ்கட்தான். ஒரே வட்டம், ஒரே சத்தம், ஒரே இனிப்பு. அவன் தேடுவது இந்த உத்தரவாதத்தை. பாக்கெட் நிறம் மாறினால்கூடத் தள்ளிவிடுவது அதனால்தான்.

உங்கள் பட்டியலில் இன்னொன்றும் தெரிகிறது. தயிர் சாதம், இட்லி இரண்டும் மெல்லாமலே விழுங்கக்கூடியவை. பிஸ்கட், அப்பளம் இரண்டும் கடித்ததும் எச்சிலில் கரைந்துவிடும். நாலில் ஒன்றுக்குக்கூடக் கடைவாய்ப் பல் வேலை செய்யத் தேவையில்லை! அவனுக்குக் காய் பிடிக்கவில்லை என்பதோடு, காயை அரைக்கத் தெரியவும் இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஒரு வேலை செய்யுங்கள். அவன் பிஸ்கட் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைக் கவனியுங்கள். முன்பல்லால் கடித்த துண்டை நாக்கு கன்னத்துப் பக்கம் தள்ளுகிறதா, தாடை சுற்றிச் சுழல்கிறதா, அல்லது நாக்கும் மேலண்ணமும் சேர்ந்து நசுக்கி ஊறவைத்து விழுங்குகிறானா? இரண்டாவது என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும், மெல்லுவதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. அதுவரை முழு வேர்க்கடலை, பட்டாணி, கெட்டியான கறித் துண்டு எதையும் வாயில் போடாதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும்.

மூக்கைப் பிடித்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். மூச்சு முட்டும்போது வாயில் திணித்த சாதம் நுரையீரலுக்குள் போய்விடலாம். அந்த ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், வாந்தியோடு சேர்ந்து மனதில் பதிந்த காய்கறியை அவன் பிறகு கண்ணால் பார்க்கவும் மாட்டான். பாட்டி அக்கறையில்தான் செய்கிறார், அதில் சந்தேகமில்லை. அந்த அக்கறைக்கு வேறு வேலை கொடுக்கலாம், கீழே சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்லும் பட்டினி வைத்தியம் மற்றப் பிள்ளைகளிடம் ஒருவேளை பலிக்கும். ஆட்டிசமுள்ள பிள்ளை, தனக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் சாப்பிடாமலே கிடக்கும், தண்ணீர் குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போன பிள்ளைகள் உண்டு. பிடிவாதக்காரனோடு மல்லுக்கு நிற்பதாக நினைத்து இறங்கினால் தோற்பது நாம்தான். அவர் வேலை முடித்து வந்ததும் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, பலரும் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்வது: தயிர் சாதத்தில் காய்கறியை அரைத்து ஒளித்துக் கலப்பது. மருந்தைப் பாலில் கலப்பது. ஒரு முறை நாக்கில் வித்தியாசம் தட்டுப்பட்டால் அந்த உணவின் மேல் வைத்திருந்த நம்பிக்கையே போய்விடும். நாலு மூன்றாகும். நாலு இருக்கும் பிள்ளைக்கு ஒன்றைக்கூட இழக்க வசதியில்லை. தயிர் சாதம் தயிர் சாதமாகவே இருக்கட்டும், மூன்று வேளையும் அவனுக்குத் தெரிந்த ஒன்று தட்டில் இருக்கட்டும். புதிது எதுவானாலும் வேறு கிண்ணத்தில், அவன் கண் முன்னால், பெயர் சொல்லி வையுங்கள். என்ன, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. தொடுவதா, எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. "ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக" என்ற கெஞ்சலும் வேண்டாம், அதுவும் ஒருவகைக் கட்டாயம்தான்.

புதிது என்றால் நேராகக் கேரட்டுக்குத் தாவக் கூடாது. ஏற்கனவே சாப்பிடுவதிலிருந்து ஓர் அடி. இட்லி பிடிக்கும், மொறுமொறுப்பும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன வருகிறது? அதே மாவில் எண்ணெய் குறைவாக, சிவக்காமல், அப்பளம் போல மெல்லிசாக ஊற்றிய தோசை. முதல் வாரம் அது பக்கத்துக் கிண்ணத்தில் சும்மா கிடக்கட்டும். அப்பளத்தை உடைப்பது போல அதை உடைத்து விளையாடட்டும், முகரட்டும், உதட்டில் வைத்துத் துப்பட்டும். துப்புவதற்கென்றே ஒரு கிண்ணம் வையுங்கள், துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் வாயில் வைத்துப் பார்க்கும். சாதாரணப் பிள்ளைகளுக்கே ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை காட்ட வேண்டியிருக்கிறது, இவனுக்கு அதைவிடக் கூடுதலாகும். தோசை ஒட்டிக்கொண்டால் அதே மாவில் ஒரு ஸ்பூன் கேவுரு (கேழ்வரகு) மாவு, நிறம் லேசாக மாறும் அளவுக்கு மட்டும். அது பழகினால் இரண்டு ஸ்பூன். கேவுரில் நார்ச்சத்து இருக்கிறது, பால் குறையும்போது விடுபடும் கால்சியத்துக்கும் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் ஈடு கொடுக்கும். முட்டை தோசை ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, இப்போது அதை யோசிக்க வேண்டாம்.

அப்பளத்திலிருந்து இன்னொரு வழி போகிறது. இங்கேதான் பாட்டி. கோடையில் மாடியில் கூழ் வடாம் போடுவீர்கள் அல்லவா? இந்த வருடம் அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வெள்ளைத் துணியை விரித்து, அரிசிக் கூழை அவனே ஸ்பூனால் எடுத்து ஊற்றட்டும். கையில் பட்டால் துடைக்க ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும், பிசுபிசுப்புக்காகவே எழுந்து ஓடிவிடுவான். முதல் நாள் ஸ்பூன், இன்னொரு நாள் ஒரு விரல். காய்ந்ததும் பாட்டி பொரித்தெடுக்கும்போது அது புஸ்ஸென்று விரிவதைத் தள்ளி நின்று பார்க்கட்டும். சாப்பிடு என்று யாரும் சொல்லக் கூடாது, பாட்டி தன் பாட்டுக்கு ஒன்றைக் கடித்துத் தின்னட்டும். அரிசி வடாம் ஏறிக்கொண்டால் அடுத்த ஈடு கேவுரு வடாம். உணவைக் கையாலும் மூக்காலும் முதலில் பழகுவது வாயால் பழகுவதில் பாதி தூரம், மாமியாரின் மூக்குப்பிடி வைத்தியத்தைவிட இது எத்தனையோ மேல். எண்ணெய்ப் பலகாரமாச்சே என்று யோசிக்காதீர்கள். இப்போதைக்கு எனக்கு அவன் பட்டியல் நீள்வதுதான் முக்கியம்.

வைட்டமின் சி-க்கு அவன் விரும்பும் வெள்ளை நிறத்தை விட்டு வெளியே போகாமலே வழி இருக்கிறது. வெள்ளைக் கொய்யாவைத் தோல் சீவி, விதைப்பகுதியை எடுத்துவிட்டு, வெறும் சதையை மட்டும் விரல் நீளத்துக்கு நறுக்கிவைத்துப் பாருங்கள். நன்றாகப் பழுத்ததாக இருந்தால் மெல்லத் தெரியாவிட்டாலும் நசுங்கும். பாதிக் கொய்யா அவனுடைய ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். அல்லது துணியில் வடிகட்டிய எலுமிச்சைத் தண்ணீர், சக்கரை போட்டு, சக்கை ஒரு துளி இல்லாமல். சக்கரை தப்பில்லையா என்று கேட்பீர்கள். ஸ்கர்வியைவிடத் தேவலை.

ரேஷன் அரிசி சமைக்கிற வீடு என்றால் ஒரு வார்த்தை. அதில் சில சமயம் நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிறம் கொஞ்சம் மாறிய அரிசி கலந்திருப்பதைப் பார்த்து, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, அரிசி மாவிலேயே செய்த செறிவூட்டிய அரிசி. சாதத்தையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு அது லாபம். எறியாதீர்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாமல் தண்ணீர் அளவாக வைத்துப் பொங்குங்கள். குழந்தைக்குத் தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால், கோதுமை நிறுத்தம். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். 2008-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை), இந்த உணவுமுறை ஆட்டிசத்துக்குப் பலன் தருகிறது என்பதற்கான ஆதாரம் வலுவில்லாதது என்றுதான் சொன்னது. அதற்குப் பிறகும் அந்த நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கில் பாருங்கள். பாலை நிறுத்தினால் பாலும் தயிர் சாதமும் போச்சு, கோதுமையை நிறுத்தினால் பிஸ்கட் போச்சு. மிச்சம் இட்லியும் அப்பளமும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் நிஜமாகவே இருந்தால் அது வேறு கதை. ஆனால் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இருந்த அந்த நோய், தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பரிசோதனை ஏமாற்றிவிடும். பாலை நான் குறைக்கச் சொன்னது அளவுக்காக மட்டும்.

செல்போனைப் பற்றி இப்போதைக்கு ரொம்ப அலட்டிக்கொள்ளாதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது என்பதே பதியாது, அதனால் அந்த நேரத்தில் புதிது எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. அதற்காக வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் பிடுங்காதீர்கள். சாயந்திரம் பத்து நிமிடம், போன் இல்லாமல், தோசையும் வடாமும் உடைத்து விளையாடும் நேரம் என்று தனியாக வையுங்கள். மருந்தால் வயிறு இளகி, பால் குறைந்து, பசி வரத் தொடங்கிய பிறகு காலை இட்லியிலிருந்து போனை எடுக்கலாம்.

எங்கே போவது? மலச்சிக்கலுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், டி.இ.ஐ.சி. என்று சொன்னால் வழிகாட்டுவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே வளர்ச்சிசார் குழந்தை மருத்துவப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் மூன்று நாள் அவன் சாப்பிட்டது, குடித்தது, வெளிக்குப் போனது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி எடுத்துப்போங்கள், சாப்பிடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும். நொண்டல், ஈறில் ரத்தம், மாலையில் கண் தெரியாமை, எடை இறங்குவது, விழுங்கும்போது புரையேறுவது, இருக்கிற நாலில் ஒன்றை விடுவது, ஒரு நாள் முழுக்கத் திரவம் எதுவும் குடிக்காமல் இருப்பது — இதில் எது நடந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லிவையுங்கள், முட்டையை ஊட்டிவிட்டோம் என்று டீச்சர் பெருமைப்பட வேண்டாம், அவன் டப்பாவை அவன் திறந்து சாப்பிடட்டும்.

திருவிழாவுக்கு வருகிறேன். வைகாசி முதல் தேதி அம்மன் சிரசு (தலை) ஊர்வலத்தன்று இருக்கும் கூட்டமும் மேளமும் அவன் காதுக்கே பெரிய சோதனை, அந்த நாளில் சாப்பாட்டில் எந்தப் புதுமுயற்சியும் வேண்டாம். விருந்தாளிகள் பந்தியில் உட்காரும் முன்பே உள் அறையில் அவன் தயிர் சாதத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள். கையில் ஒரு டப்பா அப்பளம், அந்த மேரி பாக்கெட் ஒன்று, தண்ணீர் பாட்டில். பந்தியில் இலை போட்டு எல்லார் முன்னாலும் அவனைச் சாப்பிடவைத்துக் காட்டும் வேலையே வேண்டாம். கூழைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், தொட்டு நெற்றியில் வைத்தால் போதும், அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். "இப்படியா வளர்த்து வச்சிருக்கே" என்று கேட்கும் அத்தைக்கு ஆட்டிசம் பாடம் எடுக்க வேண்டாம். "டாக்டர் சொன்ன சாப்பாடுதான் அத்தை, வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லுங்கள். டாக்டர் என்ற பெயருக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையை இந்த இடத்தில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த வாக்கியத்தை உங்களுக்கு முந்திக்கொண்டு மாமியாரே சொல்வதாக இருந்தால் இன்னும் நல்லது, அதை மட்டும் திருவிழாவுக்கு முன்னாலேயே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

ஃபெரிட்டின் எண்ணும் பல் டாக்டர் சொன்னதும் கையில் வந்ததும் எழுதுங்கள். பால் எத்தனை மில்லியில் நிற்கிறது என்பதையும்.